கண் இடறாத வீடு

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா முழு நலம், நான் முக்கால் நலம், மீதிக் கால்பங்கைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. உன் நலத்தை அறிய ஆசைதான், ஆனால் நீ என்னோடு பேசி இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. தினமும் அப்பாவைப் போனில் கூப்பிட்டு, அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று விசாரித்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குகிறாயாம். அவருக்குச் சட்டென்று பொய் வராது, அம்மா குளிக்கிறாள் என்கிறார். ஒரு நாளைக்கு மூன்று வேளை குளிக்கிற ஒருத்தியை இந்த ஊரிலேயே நீ என்னைத்தான் பார்த்திருப்பாய். அதனால்தான் கடிதம். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, எதற்குத் தடித்த கறுப்புப் பேனா, எதற்கு அச்சகத்தில் கழித்துப்போட்ட இவ்வளவு பெரிய தாள் என்று கேட்பாய். உனக்குத்தான் வெற்றிடம் பிடிக்குமே. ஒரு முழுச் சுவரில் ஒரே ஒரு ஆணி அடித்து அதிலும் எதையும் மாட்டாமல் விடுவதற்குப் பட்டம் வாங்கியவள் நீ, வரிக்கு ஐந்தாறு வார்த்தை எழுதினால் உன் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளேன்.

முதலில் நீ அனுப்பிவைத்த ஆளின் பெருமையைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் கம்பெனி வீடுகளை அலங்கரித்துக் கொடுக்கிற கம்பெனி, அதன் பத்திரிகையில் நீ பிறந்த வீட்டை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் படமெடுத்துப் போடப்போகிறார்கள், அது வந்தால் உனக்குப் பெரிய பதவி என்றாய், நானும் சந்தோஷமாகச் சரி என்றேன். வந்தார் அந்த மனிதர். இடுப்பில் ஓர் அளவு டேப், காதில் ஒரு பென்சில். வந்த நாளிலிருந்து நான் அவரை டேப்புக்காரர் என்றுதான் கூப்பிடுகிறேன், பெயர் கேட்க அவர் இடமே தரவில்லை. அப்பா உட்கார்ந்திருக்கும்போதே அந்த நாற்காலியை அளந்தார், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அப்பாவையும் அளந்து, அறைக்குப் பொருந்தவில்லை என்று எழுதியிருப்பார். வீடு முழுக்க ஒரே குடும்பத்து நிறங்கள்தான் இருக்க வேண்டுமாம், மணல், சாம்பல், தந்தம், நனைந்த மணல், காய்ந்த சாம்பல். நம் குடும்பத்திலேயே இவ்வளவு ஒற்றுமை கிடையாது, அது உனக்கும் தெரியும். சுவருக்கும் தரைக்கும் பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிவைத்துவிட்டார். எதற்கு இப்படி என்று கேட்டேன். கண்ணுக்கு எங்கேயும் எதுவும் இடறக் கூடாது, அதுதான் அழகு என்றார். உன் அப்பா தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் மை கலந்தவர் அல்லவா, பத்தடி தூரத்திலிருந்து ஒரு சிவப்பில் அரை இழை மஞ்சள் கூடியிருப்பதைக் கண்டுபிடிப்பவர், அவருக்கு இணையாக ஓர் ஆள் கிடைத்துவிட்டார். இருவரும் சேர்ந்து என் கிளிப்பச்சைக் கதவையும் சிவப்பு மிதியடியையும் மஞ்சள் கோப்பைகளையும் கறுப்புத் தட்டையும் பார்த்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, இழவு வீட்டில்கூட மனிதர்கள் அப்படி நிற்பதில்லை. இவ்வளவு ரசனை உள்ளவர் எப்படி உங்களைக் கட்டிக்கொண்டார் என்று டேப்புக்காரர் என்னைக் கேட்கவில்லை, ஆனால் கேட்கிற பார்வை பார்த்தார்.

ஆறு நாளில் வீடு மாறிவிட்டது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், வாசலில் நின்று பார்த்தால் வீட்டுக்குள் பனி இறங்கியது போல இருந்தது. உள்ளே வாழ்வதுதான் கொஞ்சம் சிரமம். குளியலறைக் கதவைச் சுவரின் நிறத்திலேயே அடித்து, கைப்பிடியையும் கழற்றிவிட்டார்கள், தொட்டால் திறக்குமாம், எங்கே தொடுவது என்பது மட்டும் ரகசியம். குழாய்க்காரர் ஒரு நாள் வந்து ஒழுகுகிற குழாய் எங்கே என்றார், அந்தப் பக்கம் என்று காட்டிவிட்டு நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன், வெகுநேரம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் மனிதர் சுவரை மரியாதையாகத் தட்டிக்கொண்டு, உள்ளே யாராவது இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். உன் சித்தப்பா வந்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார், அந்தக் கண்ணாடி மூன்று நாள் கழித்து அதே மேஜைமேல்தான் கிடைத்தது. இதெல்லாம் உனக்குப் போனில் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்றாய். உனக்கு இந்தப் பழமொழியெல்லாம் சொல்லிக்கொடுத்தது யார் என்று நினைத்துப் பார்த்தேன், நான்தான்.

வீட்டோடு விட்டாயா, என் உடுப்புக்கும் ஒரு பட்டியல் அனுப்பினாய். மேலே ஏழு, கீழே ஏழு, எதை எதோடு போட்டாலும் சேரும், யோசிக்கவே வேண்டாம் என்று எழுதியிருந்தாய். யோசிக்காமல் உடுத்துவது எவ்வளவு பெரிய சுகம் என்று நானும் நினைத்தேன். இப்போது அலமாரியைத் திறந்தால் மழை வரப்போகிற வானம் மாதிரி இருக்கிறது. எது சட்டை எது சால்வை, எது உள்பக்கம் எது வெளிப்பக்கம் என்று தடவித்தான் எடுக்க வேண்டும். போன மாதம் உன் அத்தை வீட்டுக்குத் தையல் வெளியே தெரிய, விலைச்சீட்டு முதுகில் ஆட, நான் கம்பீரமாகப் போய் இறங்கியிருக்கிறேன். அத்தை சும்மா விடுவாளா, அண்ணி இது புது மாதிரியா என்றாள். ஆமாம், என் மகள் இருக்கிற ஊரில் இப்போது எல்லாரும் இப்படித்தான் என்றேன். இப்போது அவளும் ஒன்றை உட்புறம் வெளியே வரப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறாள், உன் புகழ் இங்கே பரவிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் உன் சித்தப்பா மகன் கல்யாணப் படத்தில் என் ஒரு காலில் கறுப்புச் செருப்பும் இன்னொரு காலில் கருநீலச் செருப்பும் இருந்ததை நீ பெரிதாக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தாய், மூன்று நாள் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாய். மாப்பிள்ளையே அதைக் கவனிக்கவில்லை, பெண்ணும் கவனிக்கவில்லை, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து நீ கவனித்தாய். காலைப் பார்த்தவள் கண்ணைப் பார்த்திருக்கலாம்.

சரி, சண்டைக்கு வருகிறேன். கூடத்திலிருந்து அடுப்படிக்கு இறங்க மூன்று படி இருக்கிறதே, அதில்தான் நான் விழுந்தேன். ஈரத்தில் வழுக்கி மணிக்கட்டு பிசகிவிட்டது என்று அப்பா உன்னிடம் சொன்னார், அப்படிச் சொல்லச் சொன்னது நான். அங்கே ஈரமே இல்லை. படி, தரை, சுவர் மூன்றும் ஒரே நிறம், எங்கே தரை முடிகிறது எங்கே படி தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை, மேலே கால் வைத்தவள் கீழே உட்கார்ந்திருந்தேன். டேப்புக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, கண் எங்கேயும் இடறவில்லை, கால்தான் இடறியது. மறுநாள் கட்டுப்போட்ட கையோடு, பார்சல் ஒட்டுகிற சிவப்பு டேப்பை எடுத்து மூன்று படியின் விளிம்பிலும் ஒட்டினேன், குளியலறைக் கதவில் ஆணி அடித்து ஓர் ஆரஞ்சுத் துண்டைத் தொங்கவிட்டேன், அடுப்படி மேடையில் கறுப்புத் தட்டைத் திரும்ப எடுத்து வைத்தேன். அதற்கு மறுநாள் உங்கள் படக்காரர் வந்துவிட்டார். அவர் பாவம், நான் ஒட்டியதையும் தொங்கவிட்டதையும் படமெடுத்து உனக்கு அனுப்பிவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். கால்மணி நேரத்தில் உன் போன் வந்தது. நீ சொன்னதை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்க மாட்டாய். "நீ வேணும்னேதான் பண்றேம்மா. எனக்கு ஒரு பேர் கிடைக்கறது உனக்குப் பொறுக்கல" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஆமாம், வேண்டுமென்றுதான் செய்தேன் என்றேன். போனை வைத்துவிட்டாய். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் அது நடிப்பு. பெற்றவளைப் பொறாமைக்காரி என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது என்று நாலு நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் ஆமாம் என்று சொன்னவளும் நான்தானே, அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன், நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள்.

மூன்று வருஷமாக எனக்குப் பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டு வருகிறது கண்ணு. நேரே பார்ப்பது தெரிகிறது, பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை. ஒரே நிறத்தில் இரண்டு பொருள் சேர்ந்து இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வெள்ளை மேடையில் வெள்ளைக் கோப்பையை வைத்து, கொதிக்கிற தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியிருக்கிறேன். துணிக்கடையில் உடுப்புகளை அளவு மாற்றித் தைக்கிற வேலையை நான் ஏன் விட்டேன், மேற்பார்வைக்காரியோடு ஒத்துப்போகவில்லை என்றுதானே உங்கள் எல்லாரிடமும் சொன்னேன், அந்த அம்மாள் பாவம் தங்கமானவள். ஒருவருடைய கருநீலக் கால்சட்டையின் மடிப்புக்கு நான் பழுப்பு நூல் போட்டுத் தைத்துவிட்டேன். அவள் அதை மேஜைமேல் விரித்து வைத்தாள், எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், எனக்கு மட்டும் என்ன தப்பு என்று தெரியவில்லை. அன்றைக்கே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் வீட்டில் ஒவ்வொன்றாக நிறத்தை மாற்றினேன். சிவப்பு மிதியடி வந்தால் படி வந்துவிட்டது, கிளிப்பச்சை தெரிந்தால் குளியலறை, கறுப்புத் தட்டில் மஞ்சள் கோப்பை வைத்தால் கை சுடாது. போன தடவை வந்தபோது அதைப் பார்த்துச் சர்க்கஸ் கூடாரம் என்றாய், அம்மாவுக்கு வயசாக ஆக ரசனை குழந்தையாகிறது என்றாய், உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். ரசனை கெட்டவள் என்ற பட்டம் குருடி என்ற பட்டத்தைவிட எனக்கு இலேசாக இருந்தது. சொன்னால் வெட்கம் அழுதால் துக்கம் என்பார்களே, அந்த மாதிரி.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். தெரிந்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அடுத்த விமானத்தில் வந்து பெட்டியைக் கட்டி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாய். அங்கே உன் வீட்டில் தரை வெள்ளை, சுவர் வெள்ளை, கதவுக்குக் கைப்பிடி கிடையாது, நீ வேலைக்குப் போன பிறகு நான் நாற்காலியைத் தேடிக்கொண்டிருப்பேன். இங்கே என் வீட்டில் நானே தேநீர் போட்டுக் குடிக்கிறேன், நானே கடைக்குப் போய் வருகிறேன், அதை யாரும் என்னிடமிருந்து வாங்கிவிடக் கூடாது என்று பயந்தேன். பயம்தான், வேறு ஒன்றுமில்லை. பொறாமைக்காரி என்று நீ நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், இங்கேயே இருந்துவிடலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் மணிக்கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டுப் பிரிக்கிற ஆள் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, மேஜையில் பேனா இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்றார். நான் மேஜையைத் தடவுவதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னை மாடியில் இருக்கும் கண் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். முப்பத்தாறு வருஷம் கூடவே இருந்த உன் அப்பா பார்க்காததை அந்த மனிதர் அரை நிமிஷத்தில் பார்த்துவிட்டார். கண் டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், ஒரு மணி நேரம் விளக்கடித்து, புள்ளி புள்ளியாகக் காட்டிச் சோதித்தாள். கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறதாம், போனது திரும்பி வராதாம், மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாமாம். அதையெல்லாம் நான் கல் மாதிரி உட்கார்ந்து கேட்டேன். கடைசியில் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இது ரத்தத்துல வர்றதும்மா. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா" என்று கேட்டாள். மகள் இருக்கிறாள் என்று சொன்னபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. என் அப்பாவைப் பற்றி நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் வந்து நிற்கிறவர்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று சொல்லிச் சொல்லியே சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

கீழே மருந்துக்கடை வாசலில் காத்திருந்த உன் அப்பாவிடம் சொன்னேன். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படித் தெருவில் கையைப் பிடித்தது கிடையாது. மறுநாள் பழைய டப்பாக்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வண்ணம் கலக்க ஆரம்பித்தார். ஒரு பலகையில் பூசி எடுத்துக்கொண்டு படியில் நிற்பார், என்னைக் கூடத்தின் அந்தக் கோடியில் நிறுத்துவார், இது தெரிகிறதா, இது தெரிகிறதா என்று கேட்பார், இல்லை என்றால் திரும்பப் போய்க் கலப்பார். பதினேழு தடவை கலந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் கேலி செய்தேன், சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். பதினெட்டாவது ஓர் ஆரஞ்சு, பார்த்தால் பல் கூசும், அதற்கு ஒரு கருநீல விளிம்பு. தெரியுது என்றேன். அதைத்தான் மூன்று படிக்கும் அடித்திருக்கிறார், கதவுக்குக் கிளிப்பச்சை திரும்ப வந்துவிட்டது, கைப்பிடியும் வந்துவிட்டது. டேப்புக்காரர் பார்த்தால் மயங்கி விழுவார், விழுந்தாலும் எங்கே விழுந்தார் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். உன் பத்திரிகைப் படம் போனதற்கு எனக்கு வருத்தம் உண்டு, உன் உழைப்பைக் கெடுத்துவிட்டேன், அதற்கு மன்னித்துக்கொள். நீ சொன்ன வார்த்தைக்கு நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், ஆனால் இரண்டு நாள் உனக்கு உறுத்தட்டும், அதுவும் வேண்டும்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போகிற யோசனை இருந்தால் அதை மடித்து அந்த வெள்ளை அலமாரிக்குள் வைத்துவிடு. எனக்காக நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், இந்த வாரமே போய் உன் கண்ணைக் காட்டு. எனக்கு நன்றாகத் தெரிகிறதே என்று சொல்லாதே, எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது. இதில் வலி கிடையாது, அதுதான் இதன் சூது, வலித்திருந்தால் நான் மூன்று வருஷம் முன்னாலேயே ஊரைக் கூட்டியிருக்க மாட்டேனா. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்தவள் இந்த வீட்டில் ஒருத்தி போதும். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதி அனுப்பாதே, போன் செய்து உன் வாயால் சொல், அன்றைக்கு நான் குளிக்கப் போக மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், எனக்கு வந்தது உன் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருக்கட்டும், எல்லா நலமும் பெற்று நீண்ட ஆயுளோடு இரு. அடுத்த மாதம் வருவதாக அப்பாவிடம் சொன்னாயாம். ஒன்றை மட்டும் மறக்காதே. போன தடவை விமான நிலையத்தில் நீ வெளியே வந்ததை நான் பார்க்கவே இல்லை, அப்பா உன்னைக் கட்டிப்பிடித்த பிறகுதான் நீ வந்துவிட்டாய் என்றே எனக்குத் தெரிந்தது. அம்மா ஏன் கையசைக்கவில்லை, கோபமா என்று நீ கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். இந்தத் தடவை எதோடும் சேராத நிறமாகப் பார்த்து, உங்கள் கம்பெனியில் யாராவது பார்த்தால் வேலையை விட்டே தூக்கிவிடுகிற மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வா. அத்தனை கூட்டத்திலும், அப்பா காட்டுவதற்கு முன்னால், என் பிள்ளையை நானே பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு நாளாகப் போன் மணியடிக்கக் காத்திருக்கும்,
உன் அம்மா